ஈரத் தடம்

ஆவுடையம்மாள் பாடம் கேட்க வந்தபோது இடுப்பில் ஒரு கயிற்றைச் செருகிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. எதைக் கற்றாலும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவாள். முடிச்சைத் தடவினால் விரலுக்கு ஞாபகம் வந்துவிடும் என்பாள். கருப்பட்டி காய்ச்சக் கற்றதும் அப்படித்தான், ஓலை முடையக் கற்றதும் அப்படித்தான். இப்போது பிரசவம் பார்க்கக் கற்க வேண்டும். அதற்கென்றே புதுக் கயிறு திரித்திருந்தாள்.

ஊர் சிரித்தது. ஆவுடையம்மாள் ஐந்து பெற்றவள். வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உப்பளத்து ஊரின் மருத்துவச்சி வெயிலுகந்தாளுக்கோ முப்பத்தைந்துகூட இருக்காது. அவளுக்கு வயிறும் திறக்கவில்லை. பெற்றவள் போய்ப் பெறாதவளிடம் பாடம் கேட்கிறாளாம் என்று உப்பு வாருகிற பெண்கள் வாயில் போட்டு மென்றார்கள். அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா.

கூப்பிடுவதில்தான் முதல் சங்கடம். நேற்றுவரை "ஏட்டி வெயிலு" என்று கூப்பிட்ட வாய். முதல் நாள் முழுவதும் ஆவுடையம்மாள் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தாள். மறுநாள் துணிந்து, "அம்மா" என்றாள்.

வெயிலுகந்தாள் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்கக்கா" என்றாள்.

அத்தோடு அது தீர்ந்தது.

நான்கு மாதத்தில் மூன்று பிரசவம் பார்த்தார்கள். கயிற்றில் முடிச்சுகள் ஏறின. வெந்நீர்ப் பதத்துக்கு ஒன்று. இடுப்பில் எண்ணெய் தேய்க்கும் விதத்துக்கு ஒன்று. பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று விரலால் அறிவதற்கு ஒன்று. கொதிக்க வைத்த கத்திக்கு ஒன்று. ஆவுடையம்மாள் அடிக்கடி கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"பிரசவத்தன்னைக்கு நீங்க செய்யுத வேலையெல்லாம் எனக்குப் புரியுது. ஆனா தலைச்சன் பிள்ளைக்காரி வீட்டுக்கு மட்டும் அஞ்சாம் மாசத்துலயே போயிருதீங்க. வாரா வாரம் போறீங்க. காலை அமுக்கிக்கிட்டே என்ன கனா கண்டேன்னு கேக்கீங்க. அவ சொல்லுதா. நீங்க எந்திரிச்சு வந்துருதீங்க."

"ஆமா."

"அதுல வேலை எங்கன இருக்கு? எதுக்குன்னு நான் முடிச்சுப் போட?"

வெயிலுகந்தாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, கனி வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

மத்தியான நேரத்தில் உப்பளம் தரைபோல இருக்காது. பாத்தி எது, வானம் எது என்று பிரிக்க முடியாது. தூரத்தில் உப்பு வாருகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மிதந்து போவார்கள். கானல் அவர்களுடைய கால்களைத் தின்றுவிடும். நெடுநேரம் பார்த்தால் பார்க்கிறவருக்கும் தன் கால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார்கள்.

செந்தூர்க்கனிக்கு அப்போது ஐந்தாம் மாதம். இருபது வயது. அவள் பிறந்த அன்றே அவளைப் பெற்றவள் இறந்துபோனாள். இது ஊருக்கெல்லாம் தெரியும். அவள் எதிரில் மட்டும் யாரும் பேசமாட்டார்கள். அத்தைதான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். வயிறு தெரியத் தொடங்கிய நாளிலிருந்து கனி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். தன் தாய்க்கு வந்தது தனக்கும் வரும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

வெயிலுகந்தாள் அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பாதத்தில் எண்ணெய் தடவினாள்.

"என்ன கனா கண்ட?"

கனி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உப்பளத்துல நடக்கேன்க்கா. யாருமே இல்ல. எங்கயும் நிழல் இல்ல. எனக்கும் நிழல் இல்ல. பாத்திச் சேத்துல காலடித் தடம் போகுது. பொம்பளைக் கால். இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல ஏறியிருக்கு."

"யாரோட கால்?"

"அம்மாவோடது. அம்மாவுக்கு அப்பிடித்தான் இருக்கும்னு அத்தை சொல்லியிருக்கா. நான் அதும் மேலயே கால் வச்சு நடக்கேன்."

"எவ்வளவு தூரம் போன?"

"ரெண்டு பாத்தி. முழிச்சிட்டேன்."

"சரி" என்றாள் வெயிலுகந்தாள்.

திரும்பும் வழியில் ஆவுடையம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"கனாவுக்குப் பலன் சொல்லலியேம்மா?"

"அவ கேட்டாளா?"

"கேக்கல."

"பெறவு?"

ஆவுடையம்மாள் கயிற்றை எடுத்தாள். எதற்கு முடிச்சுப் போடுவது என்று தெரியாமல் மறுபடியும் செருகிக்கொண்டாள்.

வாரங்கள் போயின. கனி கனவில் நான்கு பாத்தி நடந்தாள். பிறகு ஆறு. ஒரு வாரம் வெயிலுகந்தாள் கிண்ணத்தைக் கீழே வைக்கும் முன்பே கனி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இன்னொரு வாரம் தடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஒரு தட்டு சோறு தின்றாள். அவள் புருஷன் வாசலில் நின்று அதை அதிசயமாகப் பார்த்தான். அவன் கெஞ்சியும் அவள் அப்படித் தின்றதில்லை.

ஏழாம் மாதத்தில் பக்கத்து ஊர்ப் பிரசவத்துக்கு வெயிலுகந்தாள் போக வேண்டியிருந்தது.

"கனியை நீங்க போய்ப் பாத்துட்டு வந்துருங்கக்கா."

ஆவுடையம்மாள் தனியாகப் போனாள். அன்றைக்கு நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். கால் அமுக்கினாள். கேட்டாள்.

"என்ன கனா கண்ட தாயி?"

கனி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கரை வந்துட்டு பெரியம்மா" என்றாள். "உப்பளத்துக் கரை. தடம் கரையில ஏறல. அதும் அடியிலயே நின்னுட்டு. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. வெள்ளையா இருக்கு. எனக்கும் அவ்வளவுதான்."

ஆவுடையம்மாளின் கை அமுக்குவதை நிறுத்தியது. பயமாக இருந்தது. பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஏட்டி, வாயைக் கழுவு! உனக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு பெத்தவ சொல்லுதேன், கேளு. கனாவாவது மண்ணாவது. நல்லதையே நினைச்சுக்கிட்டு இரு."

கனி தலையை ஆட்டினாள்.

ஆவுடையம்மாளுக்கு நிம்மதியாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிச்சுப் போட்டாள். தைரியம் சொல்வதற்கு ஒரு முடிச்சு. நல்ல இறுக்கமான முடிச்சு.

அடுத்த வாரம் இருவரும் போனார்கள்.

"என்ன கனா கண்ட?"

"கனா ஒண்ணும் வரலக்கா."

அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கனி நன்றாகத்தான் பேசினாள். கேட்டதற்கெல்லாம் சரி சரி என்றாள். ஆனால் சோற்றை அளைந்துவிட்டு வைத்துவிடுகிறாள், சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று புருஷன் வாசலில் வந்து சொன்னான்.

வரப்பில் இறங்கியதும் வெயிலுகந்தாள் கேட்டாள்.

"அக்கா, நான் இல்லாத அன்னைக்கு என்ன சொன்னா?"

ஆவுடையம்மாள் சொன்னாள். தான் பதில் சொன்னதையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"தைரியம்தானம்மா சொன்னேன்?"

"அவ கரைக்கு அடியில ஒத்தையா நின்னா. அங்க ஒரு ஆள் வருமான்னு பாத்தா. நீங்க தூரத்துல நின்னு, வீட்டுக்குப் போ தாயின்னு சத்தம் போட்டுட்டு வந்திருக்கீங்க."

"நான் அப்பிடி நினைக்கலியே."

"எனக்குத் தெரியும்."

"இப்பம் என்ன செய்ய? அவளைப் பேச வைக்க ஏதாவது மருந்து இருக்கா?"

"உங்களுக்கு மூத்தவன் பொறந்தான்லா. அன்னைக்கு உங்க பக்கத்துல யாருக்கா இருந்தா?"

ஆவுடையம்மாள் நின்றுவிட்டாள். வெயிலுகந்தாள் நிற்காமல் கானலுக்குள் நடந்து போனாள். சற்று நேரத்தில் அவளுக்கும் கால் இல்லாமல் போயிற்று.

மூன்று நாள் ஆவுடையம்மாள் பாடம் கேட்க வரவில்லை. நான்காம் நாள் நேரே கனி வீட்டுக்குப் போனாள். எண்ணெய்க் கிண்ணம் கொண்டுபோக மறந்துவிட்டாள். கனியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மூத்தவன் பொறந்தது உன்னை மாதிரி வயசுல" என்றாள்.

கனி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலி வந்த பெறவுதான் மருத்துவச்சியக் கூப்பிட்டாக. அதுக்கு முன்ன நான் அவ மூஞ்சியப் பாத்ததில்ல. வந்தா. ஊர்ல எவளும் பெறாத பிள்ளையா, வாய மூடுன்னு தொடையில ஒரு அடி போட்டா. பெறவு வாசல்ல போய் உக்காந்து வெத்தலை போட்டா. நான் உள்ள ஒத்தையாக் கிடந்தேன். மேல உத்திரத்துல ஒரு பல்லி இருந்துச்சு."

கனி மெல்லத் திரும்பினாள்.

"பல்லியா?"

"பல்லிதான். நாள் பூரா அதையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். அதுவும் என்னையே பாத்துச்சு. நீயாவது போகாதன்னு அதுகிட்டச் சொன்னேன்."

"இருந்துச்சா?"

"சாயங்காலம் ஒரு பூச்சியப் பாத்துச்சு. போயிட்டு."

கனி சிரித்துவிட்டாள். ஆவுடையம்மாளும் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"அதுக்குப் பெறவுதான் அழுதேன் தாயி. நான் செத்திருவேன்னு நினைச்சேன். பொழைச்சுக்கிட்டேன், சரி. மேல நாலு பெத்தேன், அதுவும் சரி. ஆனா அந்தப் பயத்த இன்னைக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்ட மட்டும் பெரிய இவ மாதிரி தைரியம் சொன்னேன்."

வெளியே காற்று இல்லை. உப்பு வாரும் பலகைகளின் சத்தம் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது. கனி தன் கால்களை எடுத்து ஆவுடையம்மாளின் மடியில் வைத்தாள்.

"தெனமும் கரை வருது பெரியம்மா. கண்ணை மூடுனா வருது. அதான் தூங்காமயே உக்காந்திருக்கேன்."

ஆவுடையம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பாதத்தை அழுத்தினாள்.

"சரி" என்றாள்.

கனி அப்படியே தூங்கிப்போனாள். அவள் விழிக்கும்வரை ஆவுடையம்மாள் காலை மடியிலிருந்து இறக்கவில்லை. இடது கையால் கயிற்றை எடுத்து, அந்தக் கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

மாதம் நிறைந்து, கனிக்கு வலி எடுத்தது ஒரு விடிகாலையில். முற்பகல் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. உச்சிப்பொழுதில் நின்றுபோனது. வலி வரும், பாதியில் சோர்ந்து போகும். கனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எழுப்பினாலும் எழவில்லை.

"கரை வந்துட்டுக்கா" என்றாள். "இதுக்கு மேல தடம் இல்ல. என்னை விட்டுருங்க."

வெளியே அவள் புருஷன் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கனவைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'விட்டுருங்க' என்றது மட்டும் காதில் விழுந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

ஆவுடையம்மாள் கயிற்றைத் தடவினாள். வெந்நீர், ஆயிற்று. எண்ணெய், ஆயிற்று. சீரகத் தண்ணீர், ஒத்தடம், மூச்சு, எல்லாம் ஆயிற்று. விரல் கயிற்றின் நுனிக்கு வந்து காற்றைத் தொட்டது.

"அம்மா" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

வெயிலுகந்தாள் எழுந்தாள். மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்தாள். தன் கால்களின் மேல் அதைச் சாய்த்தாள். பிறகு கனி படுத்திருந்த இடத்திலிருந்து மெழுகிய தரையில் நிதானமாக நடந்தாள். சுவரோரமாகப் போய், வாசல்வரை போய், திரும்பி வந்தாள். தரையில் ஈரத் தடங்கள் கருப்பாகப் பதிந்து கிடந்தன.

"கனி, இங்க பாரு."

கனி தலையைத் திருப்பினாள். வெகுநேரம் தரையைப் பார்த்தாள்.

"இது எங்க அம்மாவோடது இல்ல."

"இல்ல. என்னோடது."

"அம்மாவோடது கரையில நின்னுட்டு."

"ஆமா. அங்கன இருந்துதான் இது போகுது."

கனி கையை நீட்டினாள். ஆவுடையம்மாள் பிடித்துத் தூக்கினாள். கனி எழுந்து நின்றாள். முதல் தடத்தின் மேல் காலை வைத்தாள். பிறகு அடுத்தது. மூன்றாவதில் வலி வந்தது. ஆவுடையம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். இந்த முறை வலி பாதியில் நிற்கவில்லை.

உப்பளத்து வெக்கை சும்மா விடுமா. கனி வாசலை அடைவதற்குள் முன்னே இருந்த தடங்கள் காயத் தொடங்கின.

"காஞ்சிருதுக்கா!"

"அக்கா, தண்ணி ஊத்துங்க" என்றாள் வெயிலுகந்தாள்.

ஆவுடையம்மாள் குடத்தைச் சாய்த்தாள். வெயிலுகந்தாள் நடந்தாள். கனி அதன் மேல் நடந்தாள். இன்னொரு சுற்று. மறுபடியும் காய்ந்தது. இந்த முறை வெயிலுகந்தாள் கனியைத் தான் தாங்கிக்கொண்டு, ஆவுடையம்மாளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஆவுடையம்மாள் தன் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். முன்னால் நடந்தாள். பின்னால் கனி வருகிற சத்தம் கேட்டது. தன் வாழ்நாளில் அவள் அவ்வளவு கவனமாகக் கால் வைத்ததில்லை.

"பெரியம்மா" என்றாள் கனி, மூச்சிரைக்க. "உங்க குதிகால் பூரா வெடிப்பு."

"பித்த வெடிப்பு தாயி. மிதிச்சா குத்தாது, வா."

கனி சிரித்தாள். சிரிப்பின் நடுவே பெரிய வலி வந்தது. அவள் குந்திக்கொண்டாள். வெயிலுகந்தாள் முன்னால் மண்டியிட்டாள், ஆவுடையம்மாள் பின்னால் இருந்து நெஞ்சோடு தாங்கிக்கொண்டாள். எத்தனை நேரம் என்று மூவருக்கும் தெரியாது. வாசலில் விழுந்த வெயில் துண்டு கொஞ்சம் நகர்ந்திருந்தது. பெண்பிள்ளை. வீலென்று அழுதது. கம்பத்தடியில் இருந்தவனும் அழுதான்.

சாயங்காலம் கனி கண் விழித்தாள். பிள்ளை பக்கத்தில் கிடந்தது. வெயிலுகந்தாள் குனிந்து கேட்டாள்.

"என்ன கனா கண்ட?"

"ஒண்ணும் காணலக்கா. நல்லாத் தூங்கினேன்."

பிறகு பிள்ளையின் துணியை விலக்கி இடது காலைப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருந்தது. கனி அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆவுடையம்மாள் வெளியே போய்ச் சுவரோரம் நின்று அழுதாள். முப்பது வருடம் முன்பே அழுது முடித்திருக்க வேண்டிய அழுகை அது. வெயிலுகந்தாள் வந்து பக்கத்தில் நின்றாள்.

பத்து நாள் கழித்து வெயிலுகந்தாளுக்கு ஆள் வந்தது. உப்பளத்தின் அந்தக் கோடியில் ஒருத்திக்கு ஐந்தாம் மாதம். தலைச்சன்.

இருவரும் எண்ணெய்க் கிண்ணத்தோடு புறப்பட்டார்கள். மத்தியான வெள்ளை கண்ணைக் கட்டியது. ஆவுடையம்மாள் நடந்துகொண்டே இடுப்பிலிருந்து கயிற்றை உருவினாள்.

"அம்மா, இப்பம் எனக்குப் புரிஞ்சிட்டு."

"என்னக்கா புரிஞ்சிது?"

"தலைச்சன் பிள்ளைக்காரி பாதியில சோந்துட்டான்னா, கால்ல தண்ணிய ஊத்திக்கிட்டு முன்னால நடக்கணும். சரிதானம்மா? முடிச்சுப் போட்டுக்கிடுதேன். இவளுக்கும் அதையே செஞ்சிரலாம்."

"இவளுக்கு என்ன கனா வருதாம்?"

ஆவுடையம்மாளின் விரல்கள் பாதி முடிச்சில் நின்றன.

"அவளை இன்னும் நான் பாக்கவேயில்லயேம்மா."

"அப்பம் கயித்த இடுப்புல செருகுங்கக்கா" என்றாள் வெயிலுகந்தாள். "கால் அமுக்க ரெண்டு கையும் வேணும்."